பட்டறைப் பக்கம்: பனியில் புதையாத வண்டிகள்

டிராக்டர், லாரி, பழைய வண்டிகள் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, காவேரிப்பட்டணத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் நம் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

சென்ற இதழில் சேற்று உழவுக்குக் கேஜ் வீல் மாட்டுவது பற்றி எழுதும்போது, "தென் துருவம் வரைக்கும் போய் வந்த டிராக்டர்கூட உண்டு" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். நிஜமாகவா? – காரிமங்கலம் விவசாயி

நிஜம்தான். 1958 ஜனவரி 4-ஆம் தேதி பெர்குசன் டி.இ.20 டிராக்டர்கள் மூன்று தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. குழுவின் தலைவர் எட்மண்ட் ஹிலாரி, எவரெஸ்ட் ஏறிய அதே ஹிலாரி. 1912-ல் ஆங்கிலேயப் பயணி ராபர்ட் ஸ்காட் போனதற்குப் பிறகு தரைவழியாகத் துருவத்தைத் தொட்ட முதல் கூட்டம் இவர்களுடையது. மோட்டார் வண்டியில் போய்ச் சேர்ந்தவர்களிலும் இவர்கள்தான் முதல்.

உங்கள் வீட்டில் மாசி பெர்குசன் நின்றால், இது அதன் தாத்தா. ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த, கலப்பையைப் பின்னால் மாட்டும் மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக் லிஃப்ட்டும் இந்த டி.இ.20-ல்தான் உலகமெல்லாம் பரவின. பிறகு அந்தக் கம்பெனி மாசி ஹாரிஸோடு சேர்ந்தது. 1960-ல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கியபோது கைகோத்தது இவர்களோடுதான். பட்டறைக்கு மாசி வண்டி வரும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று டிராக்டர்கள் ஞாபகம் வரும்.

பெட்ரோல் இன்ஜின், ஏறக்குறைய 28 குதிரைத்திறன். இன்றைக்கு நம் பக்கம் மாந்தோப்பில் ஓடும் மினி டிராக்டர் அளவுதான். கேபின் கிடையாது, காற்றுக்கு மறைப்பாகக் கித்தான் துணி கட்டிக்கொண்டார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் கூடுதலாக ஒரு சக்கரம் வைத்து, மூன்றையும் சுற்றி ஒரே பெல்ட்டாகப் போட்டார்கள். பனிக்கட்டியில் பிளவுகள் இருக்கும். மேலே மெல்லிய பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வண்டி விழுந்தால் மற்றவை பிடித்து நிறுத்தட்டும் என்று டிராக்டர்களை ஒன்றோடொன்று கயிறு போட்டுப் பிணைத்துக்கொண்டு போனார்கள். சமையலுக்கும் ரேடியோவுக்கும் பின்னால் இழுத்து வந்த பலகைக் குடில் ஒன்று.

இதில் சொல்ல வேண்டிய விஷயம், துருவம் வரை போவது ஹிலாரிக்குக் கொடுத்த வேலையே இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து கண்டத்தைக் கடந்து வந்த விவியன் பூக்ஸ் குழுவுக்காக வழியில் எரிபொருளும் சாப்பாடும் இறக்கி வைப்பதுதான் வேலை. அதை முடித்துவிட்டு, டிராக்டர் தாங்குகிறது என்று தெரிந்ததும் மேலே போய்விட்டார். பூக்ஸ் முழுத் தூரமும் ஓட்டி முடித்தவை அமெரிக்காவின் டக்கர் ஸ்னோ-கேட் வண்டிகள் நான்கு. வண்டியின் நான்கு மூலைக்கும் தனித்தனிப் பெல்ட், ஒவ்வொன்றும் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி தானாக மடங்கும். பனிக்காகவே செய்த வண்டி அது. 99 நாளில் 3,473 கிலோமீட்டர் கடந்து, 1958 மார்ச் 2-ல் மறுகரை சேர்ந்தார்கள். ஒரு ஸ்னோ-கேட் பிளவின்மேல் பாதி தொங்கும் புகைப்படம் ஒன்று உண்டு. நான்கு பெல்ட்டில் எது தரையில் இருக்கிறது, எது அந்தரத்தில் நிற்கிறது என்று அதில் தெளிவாகப் பார்க்கலாம். வண்டி வேலை தெரிந்தவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம்.

பனி என்பது தண்ணீர்தானே, பூப்போல லேசாகத்தானே இருக்கிறது? அதில் வண்டி ஓட்ட அப்படி என்ன சிரமம்? பெரிய இன்ஜின் போட்டால் போதாதா? – பென்னாகரம், பிளஸ் டூ மாணவி

அது லேசாக இருப்பதுதான் சிரமமே, பாப்பா. சக்கரம் அமுக்கியதும் பனி வழி விட்டுவிடும். சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குழியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினின் பலம் முழுக்க அந்த ஏற்றத்திலேயே கரையும். இன்னும் பெரிய இன்ஜின் போட்டால் எடை கூடும், எடை கூடினால் குழி ஆழமாகும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். டிராக்டரின் பின் டயரில் 12 முதல் 15 பவுண்டு காற்று வைக்கிறோம். டயர் தரையை அமுக்குவதும் ஏறத்தாழ அதே அளவில்தான், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 பவுண்டு. காருக்கு 30 பவுண்டு. இரண்டாம் உலகப்போரில் ஸ்டூடபேக்கர் கம்பெனி செய்த 'வீசல்' என்ற பெல்ட் வண்டி பனியை அமுக்கியது 2 பவுண்டுக்கும் குறைவு. நீ நடக்கும்போது உன் ஒற்றைக் கால் தரையை அமுக்குவது அதைவிட அதிகம். அதனால், ஆள் இறங்கி நின்றால் முட்டிவரை புதையும் பனியில் அந்த வண்டி மேலேயே ஓடும். நார்வேயின் பனிமலைகளில் இறக்குவதற்கென்று யோசித்துச் செய்த வண்டி. சுமார் 15,000 செய்தார்கள். போர் முடிந்த பிறகு துருவ ஆராய்ச்சிக்காரர்கள் பலர் அதைத்தான் எடுத்துப் போனார்கள். ஹிலாரியிடமும் ஒன்று இருந்தது. அது நடுவழியில் நின்றுவிட, டிராக்டர்கள் மட்டும் போய்ச் சேர்ந்தன.

இந்தச் சங்கதி உங்கள் ஊர் வயலிலேயே இருக்கிறது. அறுப்புக்கு டயர் வண்டி, பெல்ட் வண்டி என்று இரண்டு வகை வருகின்றன அல்லவா? மழை பெய்து வயல் ஊறிக் கிடந்தால் எல்லோரும் பெல்ட் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள், வாடகை அதிகம் என்றாலும். எடையை அகலமாகப் பரப்பி, தன் பாதையைத் தானே விரித்துக்கொண்டு போகும் வண்டி அது. பனி வண்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கப்பல் ஜன்னல் மாதிரி வட்ட வட்டக் கண்ணாடி வைத்து, முன்னால் பனிச்சறுக்குக் கட்டைகளும் பின்னால் பெல்ட்டும் இருக்கிற ஒரு பஸ்ஸின் பழைய படம் பார்த்தேன். அது என்ன வண்டி? – அரூர் வாசகி

கனடாக்காரர் ஜோசப்-அர்மாண்ட் பாம்பார்டியரின் பி12. இவரைப் பற்றி எழுத எனக்கு வாய்ப்புக் கொடுக்கவே இந்தக் கேள்வி வந்ததாக நினைக்கிறேன், அம்மா. ஏனென்றால் இவர் காலேஜில் படித்த இன்ஜினியர் இல்லை. கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்கிற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்.

1922-ல், 15 வயதில், அப்பா கொடுத்த பழைய போர்டு இன்ஜினை ஒரு பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, பின்னால் மரத்தில் காற்றாடி செய்து மாட்டி, தம்பியோடு ஊருக்குள் ஓட்டிக் காட்டினார். காற்றாடிக்கு மறைப்பு எதுவும் இல்லை. அப்பா அன்றைக்கே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் குளிர்காலம் வந்தால் சாலைகள் மூடிவிடும். பனியை அள்ள ஆள் வராது. கார்களை வீட்டில் கட்டைமேல் ஏற்றி வைத்துவிட்டுக் குதிரை வண்டிக்கு மாறிவிடுவார்கள். 1934 குளிர்காலத்தில் பாம்பார்டியரின் இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் சீழ் வைத்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். சாலையெல்லாம் பனி. அவர் செய்துகொண்டிருந்த பனி வண்டி, ஓடும் நிலையில் இல்லாமல் பட்டறையில் கிடந்தது. குழந்தை இறந்துவிட்டது.

நம் மலைக் கிராமங்களில் பாதை இல்லாமல் நோயாளியைத் தொட்டிலில் கட்டித் தூக்கி வருகிற செய்தியை இன்றும் படிக்கிறோம். அந்த அப்பாவின் நிலையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே அவர் விடை கண்டுபிடித்தார். அது ஒரு பல்சக்கரம். பெல்ட் வண்டி ரிப்பேர் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெல்ட்டின் உள்பக்கப் பற்களுக்கும் ஓட்டும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கல் போய் மாட்டினால் போதும், பெல்ட் எகிறி வெளியே வந்துவிடும். பனியில் இது இன்னும் மோசம். இரும்புச் சக்கரத்தில் பனி ஒட்டும், இறுகும், கட்டியாகும். பற்களின் இடைவெளியே அடைத்துப்போகும். பாம்பார்டியர் அந்தப் பல்சக்கரத்துக்கு மேலே ரப்பர் போர்த்தினார், பெல்ட்டையும் ரப்பரில் செய்தார். ரப்பர் வளையும்போது ஒட்டிய பனி தானாக உதிர்ந்துவிடும். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதற்கு முன் பல பேர் செய்த வண்டிகள் அங்கேதான் சிக்கி நின்றன. 1937-ல் காப்புரிமை கிடைத்தது.

முதலில் 7 பேர் உட்காரும் பி7, பிறகு 12 பேர் உட்காரும் பி12. ஒட்டுப் பலகையில் உடம்பு, பெரிய சதுரக் கண்ணாடிக்குப் பதிலாக நீங்கள் பார்த்த வட்ட ஜன்னல்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போனது, தபால் கொண்டுபோனது, டாக்டரை ஏற்றிப்போனது, ஆம்புலன்ஸாக ஓடியது, எல்லாம் இந்த வண்டிதான். கனடாவின் வின்னிபெக் ஏரியில் உறைந்த பனிமேல் மீன் பிடிக்கிறவர்கள் இந்தப் பழைய வண்டிகளை இன்னும் ஓட்டுகிறார்கள்.

1940-களின் கடைசியில் அரசே சாலைப் பனியை அள்ளத் தொடங்கியதும் இந்தப் பெரிய வண்டிகளின் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் மனம் தளரவில்லை. 1959-ல் ஒருவர் இருவர் போகிற சின்ன வண்டியான ஸ்கி-டூவை இறக்கினார். இன்றைக்குக் காஷ்மீர் குல்மார்க்கில் சுற்றுலாக்காரர்கள் ஏறிச் சுற்றும் பனி ஸ்கூட்டர்கள் அந்த வழியில் வந்தவை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சின்ன வண்டியை முதலில் யோசித்தவர் என்று பார்த்தால், 1924-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் எலியாசன் என்ற கடைக்காரர். காலில் குறை இருந்ததால் நண்பர்களோடு பனியில் வேட்டைக்குப் போக முடியவில்லை. படகில் மாட்டும் இரண்டரைக் குதிரைத்திறன் மோட்டார், சைக்கிள் பாகங்கள், பழைய போர்டு காரின் ரேடியேட்டரில் ஒரு துண்டு இவற்றைச் சேர்த்துக் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு வண்டி கட்டினார். தேவை இருந்தது, கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார். இந்த மாதிரி ஆட்கள் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

1939-ல் அமெரிக்காவில் செய்த 'ஸ்னோ குரூசர்' பெரிய தோல்வி என்று படித்தேன். அவ்வளவு செலவு செய்தும் ஏன் ஓடவில்லை? – ஓசூர், வாகன ஆலைத் தொழிலாளி

அண்டார்டிகா ஆராய்ச்சிக்காகக் கட்டிய இந்த வண்டியின் விவரத்தை முதலில் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளம் 55 அடிக்கு மேல், அகலம் 20 அடி, எடை 34 டன். கூரைமேல் ஒரு சின்ன விமானம். உள்ளே படுக்கை, சமையலறை, புகைப்படம் கழுவும் இருட்டறை. டீசல் இன்ஜின் இரண்டு மின்சாரம் தயாரிக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார். இன்றைக்கு மின்சார வண்டிக்குப் புதிது புதிதாகப் பேசுகிறார்களே, அதை அன்றே செய்தார்கள். இன்ஜினின் சூடான தண்ணீரைச் சுற்றவிட்டு அறைகளைச் சூடாக்கினார்கள். பிளவுகளைத் தாண்டுவதற்காகச் சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. தாமஸ் போல்ட்டர் என்ற விஞ்ஞானி வடிவமைத்தது. இந்த யோசனைகள் ஒவ்வொன்றும் நல்லவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கெட்டது டயரில். 10 அடி உயர டயர், நான்கே நான்கு, மேலே கட்டையே (பிடிப்புக்கான ரப்பர் மேடுகள்) இல்லாமல் வழவழப்பாக. சதுப்பு நிலத்தில் ஓட்டுவதற்குச் செய்த டயர் அது. சேற்றில் கட்டை இருந்தால் அடைத்துக்கொள்ளும் என்று வழவழப்பாக விட்டிருந்தார்கள். பனியில் அது பிடிக்கவே இல்லை. மேலே சொன்ன கணக்கையே இங்கே போட்டுப் பாருங்கள்: 34 டன் நான்கு இடத்தில் இறங்குகிறது. 1940 ஜனவரியில் அண்டார்டிகாவில் கப்பலிலிருந்து இறக்கியதும் சக்கரங்கள் மூன்றடி புதைந்தன. உபரியாகக் கொண்டுபோன இரண்டு டயரை முன் சக்கரங்களோடு சேர்த்துக் கட்டினார்கள், பின் சக்கரங்களுக்குச் சங்கிலி சுற்றினார்கள். அப்புறமும் ரிவர்ஸில்தான் ஓரளவு ஓடியது. அது போன அதிகபட்ச தூரம் 148 கிலோமீட்டர், முழுக்கப் பின்னோக்கியே. அதன்பிறகு வண்டியை அப்படியே நிறுத்தி, பனியால் மூடி வீடாக ஆக்கிக்கொண்டார்கள்.

இதற்கு முன், சிகாகோவில் வண்டி கட்டும் வேலை முடிந்ததும் பாஸ்டன் துறைமுகத்துக்குச் சாலை வழியாக ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியில் ஒஹாயோவில் ஒரு சின்னப் பாலத்திலிருந்து ஓடைக்குள் இறங்கிவிட்டது. மேலே ஏற்ற மூன்று நாள் ஆனது. அதற்குள் கப்பல் புறப்படும் தேதி நெருங்கிவிட்டது. ஒரு குளிர்காலம் மினசோட்டா பக்கமோ கனடாவிலோ ஓட்டிப் பார்த்திருந்தால் டயரை மாற்றியிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆலையில் வேலை செய்கிற உங்களுக்குச் சோதனை ஓட்டத்தின் அருமை தெரியும்.

சக்கரமும் இல்லாமல் பெல்ட்டும் இல்லாமல் இரண்டு பெரிய திருகாணி உருளைகளின் மேல் ஒரு டிராக்டர் பனியில் ஓடுவதைப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்தேன். அது இப்போது ஏன் இல்லை? – ஊத்தங்கரை

1920-களில் ஆர்ம்ஸ்டெட் என்கிற நிறுவனம் போர்ட்சன் டிராக்டரில் மாட்டிக் காட்டிய முறை. உருளைகள் உள்ளே வெற்றாக இருப்பதால் பனியில் மிதக்கும். மேலே சுற்றியிருக்கும் தகடு பனியைத் திருகித் திருகி வண்டியை முன்னே தள்ளும். ஒரு உருளையை நிறுத்தினால் வண்டி திரும்பும். ஆழமான பனியில் மரம் இழுக்க அருமையான வண்டி. ஆனால் பனி இல்லாத கல் ரோடு பத்தடி குறுக்கே வந்தாலும் நின்றுவிடும், தகடும் பாழ், ரோடும் பாழ். அதனால் பரவவில்லை. முழுக்க மறைந்தும் போகவில்லை. சோவியத் யூனியனில் விண்வெளி வீரர்கள் தரையிறங்கும் இடத்தில் பனியோ சதுப்போ இருந்தால் போய் மீட்டு வர இந்த வகையில் ஒரு வண்டி செய்தார்கள்.

இந்தியாவில் இப்படிப்பட்ட பழைய வண்டி எதுவும் ஓடியிருக்கிறதா? – லடாக்கில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற ராணுவ வீரர், பர்கூர்

வணக்கம் ஐயா. 1931-ல் ஓடியிருக்கிறது. பிரெஞ்சு கார் கம்பெனி சிட்ரோயன், பின்னால் பெல்ட் போட்ட தன் வண்டிகளில் பெய்ரூட்டிலிருந்து பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) வரை ஒரு பயணம் நடத்தியது. அதில் ஒரு பிரிவு ஸ்ரீநகரிலிருந்து புர்சில் கணவாய் வழியாகக் கில்கிட் போனது. கழுதை போகிற பாதை. வண்டி அகலத்துக்குக்கூட இடமில்லாத இடத்தில் வண்டியையே பிரித்து, துண்டு துண்டாக ஆட்கள் தலையிலும் தோளிலும் சுமந்து, மறுபக்கம் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். இரண்டு வண்டிகள் கில்கிட் சேர்ந்தன. அந்தச் சுமைகாரர்களின் பெயர்களும் வண்டியில் பொறித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

முன்னால் சக்கரம், பின்னால் ரப்பர் பெல்ட் என்கிற அந்த அமைப்பு அடால்ப் கெக்ரெஸ் என்பவருடையது. ரஷ்யாவில் ஜார் மன்னரின் கார்களைப் பார்த்துக்கொண்டவர். அரண்மனைக் கார்கள் பனியில் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தார். புரட்சி வந்ததும் பிரான்சுக்குத் திரும்பிச் சிட்ரோயனில் சேர்ந்தார். அவர் பெல்ட் ரஷ்யாவிலேயே தங்கிவிட்டது. லெனின் பயன்படுத்திய ரோல்ஸ் ராய்ஸ் அந்தப் பெல்ட்டோடு மாஸ்கோ அருகே கோர்க்கியில் இன்றும் காட்சியில் இருக்கிறது.

பனிப்பிரதேசத்தில் இன்ஜின் சூடேறுமா? – மத்தூர் லாரி டிரைவர்

ஏறும். ஸ்காட் 1911-ல் கொண்டுபோன மூன்று மோட்டார் வண்டிகளில் ஒன்று கப்பலிலிருந்து இறக்கும்போதே பனி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் காற்றில் குளிரும் இன்ஜின் உள்ளவை. மெதுவாகப் பாரம் இழுத்ததால் சிலிண்டர் கொதித்தது. நிறுத்தி ஆறவிட்டால் கார்பரேட்டர் குளிர்ந்துபோனது. கொஞ்ச நாளில் பிக் எண்ட் (பிஸ்டன் கம்பி கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்) போய் இரண்டும் நின்றன, ஆட்களே தோளில் வாரைப் போட்டு இழுத்தார்கள். முதல் கியரில் கிருஷ்ணகிரி அணை ரோட்டு மணல் லோடு இழுக்கிறவருக்கு இது புரியும்: வெளியே என்ன வெயில், என்ன குளிர் என்பதைவிட, இன்ஜின்மேல் என்ன பாரம், எவ்வளவு காற்று படுகிறது என்பதுதான் கணக்கு.

ஸ்டார்ட் செய்வது தனிப் பாடு. கடும் குளிர் ஊர்களில் பழைய மெக்கானிக்குகள் ராத்திரி இன்ஜின் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே டின்னில் இறக்கி, அடுப்புப் பக்கத்தில் வைத்து, காலையில் சூட்டோடு ஊற்றுவார்கள்.

ஐயா, அறிவியல் கண்காட்சிக்குப் பனி வண்டி மாடல் செய்ய ஆசை. இங்கே பனி இல்லையே, எதில் ஓட்டிக் காட்டுவது? – கிருஷ்ணகிரி, ஒன்பதாம் வகுப்பு மாணவன்

திருகாணி வண்டியே செய், தம்பி. ஒரே அளவில் மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள். மெல்லிய ரப்பர் டியூபை ஒன்றில் வலச்சுற்றாகவும் மற்றொன்றில் இடச்சுற்றாகவும் சுற்றி ஒட்டு. இதை மாற்றிவிடாதே. இரண்டும் ஒரே பக்கச் சுற்றாக இருந்து ஒரே பக்கம் சுழன்றால் வண்டி பக்கவாட்டில் உருண்டு போகும். எதிர் எதிராகச் சுழல வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டுத் தள்ளல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, முன்தள்ளல் மட்டும் நிற்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பொம்மைக் காரிலிருந்து எடுத்த கியர் மோட்டார் ஒன்று, தனித்தனி ஸ்விட்ச். நேரடி மோட்டார் வேண்டாம், வேகம் அதிகமாகி ஒரே இடத்தில் குடைந்துகொண்டு கீழே இறங்கிவிடும். பேட்டரியைச் சரியாக நடுவில் வை.

ஓட்டுவதற்கு ரைஸ் மில்லில் உமி கேள், ஒரு சாக்கு போதும். பழைய அட்டைப் பெட்டியில் அரையடி உயரம் கொட்டிப் பரப்பு. பக்கத்தில் ஒரு சாதாரணப் பொம்மைக் காரையும் விட்டுக் காட்டினால் வித்தியாசம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். உமி நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஈரமாக இருந்தால் டியூபில் அப்பிக்கொள்ளும்.